பிரெஞ்சு முதுகலை: துபாஷி காலத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை

ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள சிறிய ஊர் கலவை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலால் பிழைக்கும் வட்டாரம் இது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "எம்.ஏ. பிரெஞ்சு படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "அதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், தமிழர்கள் பிரெஞ்சு படித்ததற்கான காரணம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

கலவையைச் சுற்றி நடந்த போர்கள்

பிரெஞ்சு என்றதும் நமக்குப் புதுச்சேரி மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் ஏற்றமும் வீழ்ச்சியும் பெருமளவு தீர்மானமானது இந்த வட ஆற்காட்டு மண்ணில்.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்ற சந்தா சாகிப் நவாப் ஆனார். அதற்குக் கைமாறாகப் புதுச்சேரிக்கு அருகே வில்லியனூர் உள்ளிட்ட கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அதே ஆண்டு ஆரணியிலும், 1752இல் காவேரிப்பாக்கத்திலும் ஆங்கிலேயர் பக்கம் வென்றது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி அடைந்தது. மறு ஆண்டு புதுச்சேரியே வீழ்ந்தது.

வரைபடத்தில் பாருங்கள். ஆற்காடு, காவேரிப்பாக்கம், ஆரணி, வந்தவாசி ஆகிய நான்கு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது கலவை.

முதல் காரணம்: வணிகம்

அந்தக் காலத்தில் பிரெஞ்சு தெரிந்த தமிழருக்குப் பெயர் துபாஷி, அதாவது இரண்டு மொழி அறிந்தவர். இவர்கள் வெறும் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர். சரக்கு பேசுவது, கடன் ஏற்பாடு செய்வது, அரசர்களிடம் தூது போவது எல்லாம் இவர்கள் வேலை. இவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த இவர், 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஆம்பூர், ஆற்காட்டுச் செய்திகள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த விதத்தை அதில் காணலாம்.

பிள்ளை இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1846இல் அந்த நாட்குறிப்பைத் தேடிக் கண்டெடுத்தவர் காலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர். எதுவார் ஆரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சு அதிகாரி எடுப்பித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் காரணம்: அரசு வேலை

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு பள்ளிக்கூடப் பாடம் ஆனது. புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய அரச கல்லூரிதான் இன்றைய லிசே பிரான்சே. 1850களில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் தமிழ்-பிரெஞ்சு அகராதி வெளியிட்டார்கள். 1889இல் அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரிக்கு வந்தது.

1881ஆம் ஆண்டு ஆணை ஒன்று மிக முக்கியமானது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. இப்படி மாறியவர்கள் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவில், குறிப்பாகச் சைகோனில், அரசுப் பணிக்குப் போனார்கள். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு என்பது சம்பளமும் ஓய்வூதியமும் தரும் மொழி ஆனது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் ஆட்சி மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முழுமை பெற்றது. அதோடு பிரெஞ்சு படித்தால் உள்ளூரில் பிரெஞ்சு அரசு வேலை என்ற காலம் பெரும்பாலும் முடிந்தது.

மூன்றாம் காரணம்: அறிவு

ஆட்சி போன பிறகுதான் பிரெஞ்சு ஆய்வு மொழியாக வளர்ந்தது என்பது வியப்பான செய்தி. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிரான்சுவா குரோவின் நூல் 1968இல் அங்கிருந்து வந்தது. எதிர்த்திசையிலும் வேலை நடந்தது. வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' 1980இல் க்ரியா வெளியீடாக வந்தது. மதனகல்யாணியோடு சேர்ந்து அவர் மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' அடுத்த ஆண்டு வந்தது. ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல் தமிழர் பிரெஞ்சு இலக்கியத்தைப் படிக்க இவை வழி செய்தன.

இன்று சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சு முதுகலை படிக்கலாம். புதுச்சேரி காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனத்திலும் பிரெஞ்சுத் துறை உண்டு. எந்த மாமுனிவர் பெயரில் அது இயங்குகிறதோ, அவர் 1907இல் துறவு ஏற்ற ஊர் கலவை என்பது ஓர் இனிய பொருத்தம்.

அப்படியானால் பயன் என்ன?

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் பலர் மதிப்பெண்ணுக்காகவே எடுக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மொழியும் முடிந்துவிடுகிறது. முதுகலைக்கு வருபவர்கள் மிகச் சிலர். ஆசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, பன்னாட்டு நிறுவன வேலை ஆகியவை அவர்களுக்கு உண்டு. இந்தியத் தோல் பொருட்களை வாங்கும் நாடுகளில் பிரான்சும் ஒன்று என்பதால் தோல் ஏற்றுமதித் தொழிலுக்கும் இந்த மொழி உதவும்.

ஆனால் பிழைப்பைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. ஆற்காட்டு முற்றுகை என்றால் நமக்குத் தெரிந்தது கிளைவின் வீரம்தான். ஏனென்றால் அதைப் பெரும்பாலும் ராபர்ட் ஓர்ம், மெக்காலே போன்ற ஆங்கிலேயர்கள் எழுதியபடி படித்தோம். எதிர்ப்பக்கத்தின் கடிதங்களும் கணக்குகளும் பிரெஞ்சில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரி ஆளுநராக இருந்த ஆல்ஃபிரெட் மார்த்தினோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிப்பித்தார். மூல ஆவணங்கள் பல பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பிள்ளையின் தமிழ், ஓர்மின் ஆங்கிலம், டூப்ளேயின் பிரெஞ்சு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் படிக்கக்கூடியவரே இந்தப் போர்களை ஒரு பக்கம் சாயாமல் எழுத முடியும். படைகள் நடந்துபோன வழியில் இருந்த ஊர்களும் ஏரிகளும் வயல்களும் என்ன ஆயின என்று அந்தக் காகிதங்களில் தேடும் அக்கறை, அந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். அவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே தெரியும். மூன்றாவதைத்தான் கற்க வேண்டும்.