சுண்ணாம்பு முதல் சாயம் வரை: தோட்டத்துச் சுவர்களின் வரலாறும் சொற்களும்

வீட்டுச் சுவருக்குப் பூசும் பொருளை மாற்றிக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரை இன்று பரவலாகக் கேட்கிறது. நச்சு ஆவி குறைந்ததும் ஈயம் கலவாததும் மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்யாததுமான பூச்சைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் புத்தம்புதிய கருத்தாகக் கருதுவோர் பலர். பழமைக்குத் திரும்பினாலே போதும் என்போரும் உளர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. நம் முன்னோர் சுவருக்கு எதைப் பூசினர், அதை ஏன் கைவிட்டனர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இன்றைய மாற்றத்தைச் சரியாக மதிப்பிட இயலும். நெகிரி செம்பிலானில் ரந்தாவை அடுத்துள்ள கோலா சாவா வட்டாரத்துத் தோட்டப்புற வாழ்வை மனத்தில் இருத்தி, சொற்களின் துணைகொண்டு இவ்வரலாற்றைக் காண்போம்.

சுண்ணமும் சுதையும்

தமிழர் கட்டடக்கலையில் சுண்ணாம்பின் பழமையைக் காட்டும் சான்றுகளுள் ஒன்று, அது இல்லாமையைப் பெருமையாகப் பேசும் கல்வெட்டாகும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அது அமைக்கப்பட்டதாகக் கூறுகிறது. சுதையின்றிக் கோயில் எடுப்பது கல்வெட்டில் பொறிக்கத்தக்க புதுமையாக இருந்ததெனில், சுதை எவ்வளவு இயல்பான கட்டடப் பொருளாக இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

சுதை என்னும் சொல் வடமொழியில் சுண்ணச்சாந்தையும் அமுதத்தையும் குறிக்கும். சுண்ணாம்பு என்னும் சொல்லோ சுண்ணம் என்பதனோடு உறவுடையது. சுண்ணம் பழந்தமிழில் நறுமணப் பொடியைக் குறித்தது. இது வடமொழிச் சூர்ணத்தோடு தொடர்புடையது என்பது மொழியியலார் பலரின் கருத்து. ஐரோப்பியர் வந்தபோது இச்சொல் ‘சுனாம்’ என ஆங்கிலத்துக்குள் புகுந்து, 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதியிலும் இடம்பெற்றது. சொல்லோடு தொழில்நுட்பமும் பயணம் செய்தது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் கலந்து சென்னைக் கொத்தர் செய்த சாந்தின் முறையை ஐசக் பைக் என்பார் எழுதியனுப்ப, இலண்டன் அரசக் கழகத்தின் ஆய்விதழ் 1732இல் அதை வெளியிட்டது. மலாயாவிலும் பர்மாவிலும் பொருளீட்டிய நகரத்தார், செட்டிநாட்டு மாளிகைச் சுவர்களைக் கண்ணாடிபோல் மின்னச் செய்ததும் இம்மரபின் தொடர்ச்சியே.

இதன் வேதியியல் எளியது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிட்டும். அதனை நீரில் இட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஈர்த்துப் பழையபடி கல்லாக இறுகும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியங்கள் ஆயிரம் ஆண்டு நிலைத்தமைக்கு அடிப்படை, இத்தகைய சுண்ணாம்புப் பரப்பே ஆகும். நீற்றுச் சுண்ணாம்பின் கடுங்காரத் தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. சுவரின் ஈரமும் அதனூடே வெளியேறும். மழை மிகுந்த நாட்டுக்கு இவ்விரு பண்புகளும் பெரிதும் உதவுவன.

லயத்தின் வெண்மை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிர் பெருகியபோது, நெகிரி செம்பிலான் காடுகள் தோட்டங்களாயின. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்ற பின்னரும், இந்திய அரசு 1938இல் தடைவிதிக்கும் வரை, கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். வந்தோர் குடியேறிய வரிசை வீடுகளே லயங்கள். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் லயமாகி, இசைக்குரிய லயத்தோடு ஒலியால் ஒன்றிப்போனது. இலங்கை மலையகத்திலும் இதே சொல் வழங்குவது, இரு நாட்டுத் தோட்ட வாழ்வும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதைக் காட்டும்.

வந்தவர்களோடு வெள்ளையடிக்கும் வழக்கமும் வந்தது. ஊரில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் திண்ணைக்குக் காவி தீட்டுவதும் குடும்பத்தின் வேலை. சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்ற வைத்து, வடிகட்டி, ஒட்டும் தன்மைக்காகக் கஞ்சியோ வச்சிரப் பசையோ சேர்த்து, வெண்மை பளிச்சிடச் சிறிது நீலம் கலந்து, நார் மட்டையால் அடிப்பர். தோட்டத்திலும் சுண்ணாம்பு இருந்தது. எனினும் அதன் பொருள் மாறியது. லயம் நிருவாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். எப்போது வெள்ளையடிப்பது, எந்த நிறத்தில் அடிப்பது என்னும் முடிவும் குடியிருப்போரிடம் இல்லை. தொத்துநோய்க்கு அஞ்சிய காலத்தில் சுண்ணாம்பு தூய்மையின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. ஊரில் பண்டிகையின் நிறமாக இருந்த வெள்ளை, லயத்தில் ஒழுங்கின் நிறமாயிற்று.

அண்டை வீட்டாரான மலாய் மக்களுக்கும் சுண்ணாம்பு புதியதன்று. அவர்கள் அதனைக் ‘காப்பூர்’ என்பர். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வகுப்பறையில் எழுதும் கட்டியும் அவர்களுக்குக் காப்பூரே. நாமும் எழுதுகட்டியைச் சுண்ணக்கட்டி என்கிறோம். இருமொழியும் ஒரே பொருளைக் கொண்டு பெயரிட்டிருப்பதை மாணவர் கவனிக்கலாம்.

சாயம் வந்த காலம்

ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் படிப்படியாகப் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. சொந்தமாக ஒரு வீடு என்பது பல குடும்பங்களுக்கு முதன்முறையாகக் கைகூடிற்று. அவ்வீட்டின் சுவருக்கு அவர்கள் தேர்ந்தது வெள்ளையை அன்று. இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தகரக் குவளைகளில் வந்தன.

இம்மாற்றம் மொழியிலும் பதிந்துள்ளது. மலாயில் பூச்சுக்கு வழங்கும் ‘சாட்’ என்னும் சொல், ஹொக்கியன் சீனத்தில் அரக்குப் பூச்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்தார் ‘பெயிண்ட் அடித்தல்’ என்பதை நம் நாட்டுத் தமிழர் ‘சாயம் பூசுதல்’ என்பர். நூலுக்கும் துணிக்கும் உரிய சாயம் என்னும் சொல் இங்கே சுவருக்கு ஏறியது. வெள்ளையடித்தல் என்னும் சொல்லில் நிறம் முன்பே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. சாயம் என்னும் சொல்லோ எந்த நிறம் என்னும் கேள்வியை எழுப்புகிறது; தேர்ந்துகொள்ளும் உரிமை அதனுள் அடங்கியிருக்கிறது.

ஆகவே சுண்ணாம்பு கைவிடப்பட்டதற்கு அறியாமையைக் காரணமாகக் கூறுவது பிழை. சுண்ணாம்புப் பூச்சு கையில் ஒட்டும், மழையில் கரையும், ஆண்டுதோறும் உழைப்பைக் கேட்கும், ஆழ்ந்த நிறங்களை எளிதில் தராது. அனைத்துக்கும் மேலாக, அது லயத்தை நினைவூட்டியது. 2018 ஆகஸ்டில் பத்துமலையின் 272 படிகளும் பல வண்ணம் பெற்றபோது, மரபுச் சின்னத்துக்குரிய அனுமதி பற்றிய கேள்வி எழுந்தது. அதே வேளையில் மக்கள் திரண்டு சென்று அவ்வண்ணங்களைக் கண்டு மகிழ்ந்தனர். சுண்ணாம்புக் கல்லால் ஆகிய அக்குன்றின் முன்னே விரிந்த அவ்வண்ண வரிசை, நிறத்தின்மேல் நாம் கொண்ட விருப்பத்தின் ஆழத்தைக் காட்டும்.

ஈயமும் வெள்ளீயமும்

வண்ணத்தோடு ஆபத்தும் வந்தது. நெடுங்காலம் எண்ணெய்ப் பூச்சுகளின் வெண்மைக்கு ஈய வெள்ளையும், பளிச்சிடும் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும், இரும்பைக் காக்கச் செவ்வீயமும், விரைந்து உலர வேறு ஈயச் சேர்மங்களும் பயன்பட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடைசெய்யும் 13ஆம் உடன்படிக்கையை ஏற்றது. தைத்தானியம் ஆக்சைடு என்னும் நஞ்சற்ற வெண்மைப் பொருளும் அதற்குச் சற்று முன்னரே தொழிற்சாலைகளில் உருவாகத் தொடங்கியிருந்தது. ஆயினும் வண்ண எனாமல் பூச்சுகளில் ஈயம் பல நாடுகளில் நீடித்தது. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பூச்சுகளில் அதற்குத் தடை விதித்தது. இந்தியாவில் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்னும் வரம்பை விதிக்கும் விதிகள் 2016இல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

இவ்விடத்தில் மொழியாசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. ஈய வெள்ளை என்பதனை ‘வெள்ளீயம்’ என மொழிபெயர்ப்பது பெரும் பிழை. தமிழில் வெள்ளீயம் வேறு உலோகம். லுக்குட்டிலும் சுங்கை ஊஜோங்கிலும் சுரங்கம் அமைத்துத் தோண்டிய ‘தீமா’ அதுவே. பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல் என நாம் கூறுவதும் வெள்ளீயத்தைத்தான். நஞ்சாவது காரீயம். மலாய் மொழியும் அதனைத் ‘தீமா ஈத்தாம்’, அதாவது கருந்தீமா, என்றே அழைக்கிறது. ‘பிளம்பம்’ என்னும் பெயரும் அதற்கு உண்டு. கருமை என்னும் அடையை இரு மொழிகளும் ஒரே உலோகத்துக்குச் சூட்டியுள்ளன. குவளையின் ஒட்டுச்சீட்டில் இச்சொற்களைக் காணும் மாணவன் அவற்றைத் தமிழில் சரியாகப் பெயர்த்துத் தன் பெற்றோர்க்குச் சொல்ல வல்லவனாதல் வேண்டும். இங்கே சொற்பிழை உடல்நலத்தைத் தாக்கும் பிழையாகும்.

இன்றைய மாற்றம்

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்னும் தொடர் குவளையின்மேல் எளிதாக அச்சாகிவிடுகிறது. அதனைப் பிரித்துப் பொருள் காண வேண்டும். ஈயம் இல்லை என்பது ஒரு பண்பு. ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைவு என்பது மற்றொன்று. புதிய பூச்சின் நெடிக்கும் தலைவலிக்கும் பெரும்பாலும் காரணமாவன இச்சேர்மங்களே. நீர் கலந்தது என்பது மூன்றாவது. நீரால் ஆன பால்மப் பூச்சிலும் சுவரில் எஞ்சுவது நெகிழிப் படலமே. இயற்கைப் பொருளால் ஆனது என்பது நான்காவது. இந்தியாவின் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021 சனவரியில் பசுஞ்சாணத்தை மூலப்பொருளாகக் கொண்ட பூச்சை அறிமுகம் செய்தது இவ்வகையில் ஒரு முயற்சி. ஒரு பண்பு இருப்பதால் ஏனையவையும் இருக்கும் எனக் கொள்ளலாகாது.

சுண்ணாம்பும் குறையற்றதன்று. கல்லைச் சுடும் சூளை விறகையோ நிலக்கரியையோ உண்ணும்; வெளியேறிய வாயு முழுவதையும் சுவர் திரும்ப ஈர்ப்பதில்லை. நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. பால்மப் பூச்சோ எனாமலோ ஏறிய சுவரில் அது நன்கு பற்றாது. வெறும் செங்கல், சிமெண்டுச் சாந்து, பழைய சுண்ணச்சாந்து ஆகியவற்றுக்கே அது ஏற்றது. காவி மண்ணும் பிற தாது நிறமிகளும் சேர்த்தால் மென்மையான நிறங்களும் கிட்டும்.

பழைய வீட்டையோ பள்ளியையோ கூட்டுப்பணியாகப் புதுப்பிக்கும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். பழைய எண்ணெய்ப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் தீயால் கருக்குவதும் தூசியையும் புகையையும் பரப்பும். நீர் தெளித்து ஈரமாக்கித் தேய்ப்பதும், குழந்தைகளை அப்பால் இருத்துவதும், உதிர்ந்த துகளைத் திரட்டி அகற்றுவதும் இன்றியமையாதன. நல்ல பூச்சை வாங்கிவிட்டு, பழையதன் நஞ்சைக் கூடத்தில் பரப்பினால் மாற்றத்தால் பயனில்லை.

நம் முன்னோர் சுண்ணாம்பை விட்டுச் சாயத்துக்கு மாறியபோது தேடியது, தம் வீட்டின் நிறத்தைத் தாமே முடிவு செய்யும் மதிப்பை. இன்றைய மாற்றம் அம்மதிப்பைப் பறிப்பதாக அமைந்தால் மக்கள் அதனை ஏற்க மாட்டார். நிறத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையோடு, அந்நிறத்துள் கலந்திருப்பது இன்னதென அறியும் உரிமையையும் சேர்த்துத் தருவதே முறையான மாற்றமாகும். அவ்வறிவு சொல்லில் தொடங்குகிறது. மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடம் நீற்றுதல், மட்டை, காவி, நீலம், சாயம் என்னும் சொற்களையும் அவற்றோடு இணைந்த செயல்முறைகளையும் கேட்டுத் தொகுக்கலாம். கோலா சாவாவின் லயச் சுவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஆவணங்கள் மிகச் சில. அவற்றுக்கு வெள்ளையடித்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நன்று.