வேலியில் முந்திக்கொண்ட கார்த்திகைப் பூ



கார்த்திகை பிறக்க இன்னும் நாள் கிடக்கிறது. இலஞ்சியில் எங்கள் வீட்டு வேலியில் கார்த்திகைப் பூ புரட்டாசியிலேயே பூத்துவிட்டது. இந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. ஆனியிலேயே கிழங்கு முளைவிட்டு, இலை நுனியையே கையாக்கிக்கொண்டு வேலியைப் பற்றி ஏறியது. பச்சையாக விரிந்த இதழ் மஞ்சளாகி, இப்போது நெருப்பாகச் சிவந்து நிற்கிறது.

போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து நின்றாள். "பிள்ள வாயில வச்சுட்டா என்ன செய்ய மாமா? பிடுங்கிப் போட்ருங்க."

அவள் சொன்னது நியாயம்தான். செங்காந்தள் முழுக்க நஞ்சு. கிழங்கைத் தின்று உயிர் போனவர்கள் உண்டு.

ஆனால் இந்தப் பூவின் வரலாறு கையைத் தடுக்கிறதே! குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர் முதலில் வைத்தது காந்தளைத்தான். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பதும் காந்தள் கண்ணிதான். இலஞ்சிக் குமாரரை தினமும் கும்பிடுகிறவன் அதை எப்படிப் பிடுங்குவேன்?

மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் வெளிவரச் செய்தார். 1688இல் வந்த 7ஆம் தொகுதியில் 'மெந்தோனி' என்று மலையாளப் பெயரோடு இந்தக் கொடியின் படம் இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயர் வைத்தார். பெருமையும் பொலிவும் உடையது என்று பொருள்.

நஞ்சும் வீண்போகவில்லை. அதிலுள்ள கோல்சிசின், 'கவுட்' என்னும் மூட்டுவலிக்கு மருந்து. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து விலகியிருப்பதால், காலையில் விவசாயிகளே கையால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். நம் மாநில மலரும் இதுவே.

சின்ன வயதில் அம்மா, "அதப் பாத்தா கண்ணு வலிக்கும்ல, கிட்டப் போகாத" என்பாள். கண்வலிப் பூ என்றுதான் எங்கள் வீட்டில் பெயர். மூடநம்பிக்கை என்று வகுப்பில் நானே சிரித்திருக்கிறேன். இப்போது தோன்றுகிறது: எழுத்தறியாத அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் போட்ட வேலி அந்தப் பேச்சு. புலவர்கள் அழகைக் காத்தார்கள், அம்மாக்கள் பிள்ளைகளைக் காத்தார்கள். இரண்டும் இருந்ததால்தான் பூவும் பிழைத்தது, நாமும் பிழைத்தோம்.

கொடியைப் பிடுங்கவில்லை. சுற்றிலும் கம்பிவலை கட்டிவிட்டேன். விதைக்காய்களை முற்றுமுன் நானே கையுறை போட்டுப் பறித்துவிடுவதாக மருமகளிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. பேத்தியை வலைக்கு வெளியே நிறுத்திச் சொன்னேன்: "இது முருகன் பூ. பாக்கலாம், தொடக்கூடாது."

"கண்ணு வலிக்குமா தாத்தா?" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! நான் மறுக்கவில்லை.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்? சொல்லுங்கள்.