களிமண்ணின் ஏடுகள்

களிமண்ணைக் குயவன் குழைத்தான். கம்பளி நெய்வோர் அதனால் எண்ணெய்ப்பசையை நீக்கினர். இவ்வாறு தொன்றுதொட்டுப் பயன்பட்டுவந்த போதிலும், அம்மண்ணின் அகத்தமைப்பு யாதென மனிதன் அறிய நெடுங்காலஞ் சென்றது. அறிந்த பின்னரும் அவ்வறிவைத் தொழிலுக்கு ஆக்கும் வழி எளிதிற் புலப்படவில்லை. அவ்வழி புலப்பட்ட வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

பிரான்சு நாட்டு மொன்மோரில்லோன் என்னும் ஊரிற் கிடைத்த களிக்கனிப்பொருளொன்றுக்கு 1847 ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பெயரையொட்டி மொன்மோரில்லோனைற்று எனப் பெயரிடப்பட்டது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் களிமண்ணுக்கு 1898 இல் வில்பர் நைற் என்பார் பெந்தோனைற்று என்னும் பெயரை வழங்கினார். நீர்பட்டதும் பன்மடங்கு பருக்கும் இம்மண்ணின் பெரும்பகுதி மொன்மோரில்லோனைற்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அது பருப்பது ஏன்? 1933 இல் ஒவ்மன், எண்டெல், வில்ம் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை காண வழிவகுத்தது. இக்கனிப்பொருள், ஓலைச்சுவடி போல, ஏட்டின்மேல் ஏடாக அடுக்கப்பட்டது. ஓர் ஏட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு நானோமீற்றர். அகலமோ அதனிலும் நூறு மடங்குக்கு மேற்பட்டது. ஏடுகள் எதிரேற்றம் உடையன. அவற்றிடையே சோடியம் முதலிய அயன்கள் தங்குகின்றன. அவ்விடைவெளியில் நீர் புகவே ஏடுகள் விலகுகின்றன.

நீரை ஏற்கும் இம்மண் எண்ணெயை ஏற்பதில்லை. இத்தடையை நீக்கும் முறையை 1949 இல் யோர்டன் என்பார் விளக்கினார். சோடியத்தின் இடத்தில் நீண்ட காபன் சங்கிலியுடைய அமோனியச் சேர்வைகளை இருத்தியபோது, களிமண் சேதனத் திரவங்களிலும் பருத்தது. கிறீசும் வர்ணப்பூச்சும் தடிப்பாவதற்கு அது பயன்பட்டது.

பிளாத்திக்கிலோ களிமண் நெடுநாள் வெறும் நிரப்பியாகவே நின்றது, ஏடுகள் பிரியாது கட்டிகளாகவே கிடந்தமையின், உறுதி பெறப் பெருமளவு மண் வேண்டியிருந்தது, பொருளும் பாரமாயிற்று. 1980களில் யப்பானின் தொயோற்றா மத்திய ஆய்வுகூடத்தார் வேறு வழி கண்டனர். பன்னிரு காபனணுக்களுடைய அமினோ அமிலமொன்றை ஏடுகளிடையே செலுத்தி, நைலோனின் மூலப்பொருளாகிய கப்பிரோலற்றத்தை அங்கே புகவிட்டனர். அங்கேயே நைலோன் சங்கிலிகள் வளர்ந்தன. வளருந்தோறும் ஏடுகள் ஒன்றைவிட்டொன்று விலகின. நூற்றுக்கு ஐந்துக்குங் குறைந்த களிமண்ணால் நைலோனின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. சுமையின்கீழ் வெப்பத்தால் அது வளையும் வெப்பநிலை சுமார் 65 பாகை சதமத்திலிருந்து 140 பாகைக்கு மேல் உயர்ந்தது. மோட்டார் வண்டி எஞ்சினின் பட்டிமூடியில் இப்பொருள் இடம்பெற்றது.

இவ்வெற்றி எல்லாப் பிளாத்திக்குகளுக்கும் எளிதிற் கைகூடவில்லை. பொலிப்புரொப்பிலீன் போன்று களிமண்ணோடு இணங்காதவற்றில், இரண்டையும் பிணைக்கும் துணைப்பொருள் வேண்டியதாயிற்று. ஏடுகள் பிரியாதவிடத்து, விலையுயர்ந்த அம்மண்ணும் பழைய நிரப்பியே.

மண் அன்றும் இன்றும் ஒன்றே; மாறியது அதன் அளவன்று, அது பரந்து நின்ற முறையே. பெயரிட்டவர், அமைப்பைக் கண்டவர், இயல்பை மாற்றியவர், நைலோனிற் பரப்பியவர் எனப் பலர் கைமாறி வந்த அறிவு அது. ஒருவரது கண்டுபிடிப்பாக இதனைக் கூறின், ஏனையோருக்கு நாம் அநீதி இழைத்தவராவோம்.