சந்தாப் பணமும் மானியப் பணமும்: மவுண்ட் பயூவின் பசி

‘லாட்ஜ்’ என்றதும் நம் வாசகருக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க வரலாற்றில் அச்சொல் சகோதர சங்கங்களின் கிளைகளைக் குறிக்கும். சடங்கும் கடவுச்சொல்லும் ஒருபுறமிருக்க, உறுப்பினர் சந்தாவைக் கொண்டு நோய்க்கால உதவியும் ஈமச்செலவும் அளித்தவை அவை. அரசின் பணமும் ஒழுங்குமுறைகளும் வந்தபின் அவற்றின் தன்னாட்சி கரைந்தது என்பார் டேவிட் பெய்ட்டோ. அவர் விரிவாக ஆராயும் சான்றுகளுள் ஒன்று மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பயூ. ஆனால் அந்நகரின் கதையில் பசித்தோரையும் சேர்த்துப் படித்தால், இவ்வாதம் அத்தனை உறுதியாக நிற்பதில்லை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஐசையா மான்ட்கோமரி முதலானோர் 1887இல் நிறுவிய கறுப்பர் நகரம் அது. அங்கு 1942இல் ‘தாபோர்’ சங்கத்தினர் தம் சந்தாப் பணத்தில் ஒரு மருத்துவமனையை எழுப்பினர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பருத்திக் காட்டுக் குத்தகை உழவர்கள். பிற மருத்துவமனைகளில் பக்கவாசல் வழியே நுழைந்து பழகியவர்கள், இங்கே முன்வாசல் வழியாகச் சென்றனர். ஆண்டுக்குப் பத்து டாலருக்கும் குறைந்த சந்தாவில் அறுவைச் சிகிச்சை கிடைத்தது. இச்சாதனையை எந்த மதிப்பீடும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆயினும் சந்தாவுக்கு ஓர் எல்லை உண்டு: கட்ட இயலாதவரை அது எட்டாது. 1960களில் பருத்தி பறிக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் டெல்டாவின் உழைப்பாளர்களைத் தேவையற்றோராக்கின. இலவச உபரி உணவு வழங்கலுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து வாங்கவேண்டிய உணவுக் கூப்பன் வந்தது. கையில் காசே இல்லாதவர்க்குக் கூப்பனால் என்ன பயன்? சந்தாவும் கூப்பனும் ஒரே மனிதரைத்தான் வெளியே நிறுத்தின. 1967 ஏப்ரலில் ராபர்ட் கென்னடியும் ஜோசஃப் கிளார்க்கும் டெல்டாவில் நேரில் கண்டது இப்பட்டினியைத்தான்.

அதே ஆண்டு கூட்டாட்சி அரசின் பொருளாதார வாய்ப்பு அலுவலகம் அளித்த மானியத்தால், சங்க மருத்துவமனை மற்றொரு சகோதர சங்கத்தின் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. நிர்வாகம் சங்கத்தின் கையைவிட்டுப் போனது. பெய்ட்டோவின் வருத்தம் இங்கு நியாயமானதே. அதே அலுவலகத்தின் நிதியில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் அந்நகரில் ஒரு நலவாழ்வு மையத்தைத் திறந்தது. மருத்துவர் ஜாக் கைகர் ஊட்டமின்றி வாடிய குழந்தைகளுக்கு மருந்துச்சீட்டிலேயே உணவை எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரர் அதன் செலவை மையத்தின் மருந்தகக் கணக்கில் எழுதினார். மேலிடம் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைக்கு மருத்துவ நூல் கூறும் மருந்து உணவுதான் என அவர் பதிலளித்ததாகச் சொல்வர். பசியைப் பிணி என்றே வழங்கிவரும் தமிழுக்கு இது புதிதன்று.

இக்கதையின் மிகச் செறிவான பகுதி அடுத்த ஆண்டு தொடங்குகிறது. மையத்தின் சமூக அமைப்பாளர் ஜான் ஹேட்ச் முன்னின்று உதவ, வேலையிழந்த குடும்பங்கள் வடக்கு பொலிவர் மாவட்ட விவசாயக் கூட்டுறவை அமைத்தன. நிலத்துக்கும் விதைக்கும் மானியம். உழைப்பும் உறுப்புரிமையும் அவர்களுடையவை. பருத்தி விளைந்த மண்ணில் காய்கறி விளைந்தது. கூலியின் ஒரு பங்கு விளைபொருளாகவே வீட்டுக்குச் சென்றது. சங்கம் கற்பித்த ‘இது நம்முடையது’ என்னும் உணர்வு மானியத்தால் அழிந்திருந்தால் இக்கூட்டுறவு பிறந்திராது. மானியத்தை மட்டும் போற்றுவோர், கூடிச் செயலாற்றும் பழக்கம் அவ்வூருக்குப் பல தலைமுறை முதிர்ந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அண்டை மாவட்டத்தில் பசிக்கெதிராக ‘ஃப்ரீடம் ஃபார்ம்’ கூட்டுறவைத் தொடங்கிய ஃபேனி லூ ஹேமர் 1977இல் இறந்தது மவுண்ட் பயூவின் இந்த மருத்துவமனையில்தான். 1983இல் அது மூடப்பட்டது. மானியத்தில் பிறந்த நலவாழ்வு மையமோ இன்றும் அவ்வூரில் இயங்குகிறது.