நிலம், குடும்பம், முதுசம்: ‘தி ஆர்ச்சர்ஸ்’ வானொலி நாடகம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

வானொலித் தொடர் நாடகங்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மரபு நம்மிடையே இன்னும் வலுப்பெறவில்லை. அவை வெறும் பொழுதுபோக்கு என ஒரு சாராரும், ஆளும் வர்க்கக் கருத்தியலின் கருவிகள் என மற்றொரு சாராரும் ஒதுக்கிவிடுவர். முன்னையது இலக்கியவாதியின் அலட்சியம். பின்னையது முற்போக்காளரின் அவசரம். இவ்விரண்டையும் தவிர்த்து, உலகின் மிக நீண்ட வானொலித் தொடர் நாடகமான ‘தி ஆர்ச்சர்ஸ்’ நிலவுடைமையையும் முதுசத்தையும் எவ்வாறு சித்திரிக்கின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

கோட்பிறி பேஸ்லி என்பார் உருவாக்கிய இந்நாடகம், 1950இல் மத்திய இங்கிலாந்தில் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டு, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் பிபிசியால் அளிக்கப்பட்டு வருகின்றது. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்த காலம் அது. உற்பத்தியைப் பெருக்கும் நவீன முறைகளை உழவரிடம் கொண்டு செல்வதே தொடக்க நோக்கம். 1972 வரை வேளாண்மை அமைச்சின் தொடர்பு நிலைத்தது. எனவே, இது பிறப்பிலேயே அரசின் உற்பத்திக் கொள்கையோடு பிணைந்த கலைவடிவம் என்பது மனங்கொளத்தக்கது.

உற்பத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாடகம் விரைவிலேயே உடைமையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. அம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமத்தின் புறூக்பீல்ட் பண்ணையில் டான் ஆர்ச்சர் முதலில் குத்தகைக்காரர். 1950களில் அதன் உரிமையாளராகின்றார். பெருநிலக்கிழாரின் ஆதனங்கள் சிதைந்து, குத்தகைக்காரரின் ஒரு பகுதியினர் சிறு உடைமையாளராக உயர்ந்த இங்கிலாந்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இங்கு ஒரு குடும்பக் கதையாகச் சுருங்குகின்றது.

டானின் மகன் பில்லுக்கு நான்கு பிள்ளைகள். அவர் ஓய்வுபெற முனைந்த 2000–2001 காலப்பகுதியில் பண்ணை யாருக்கு என்ற பிணக்கு எழுந்தது. சம பங்கு என்பது பிள்ளைகளுக்கான நீதி. ஆனால் நிலத்தைத் துண்டாடினால் பண்ணை அழியும். அங்கு உழைத்து வந்த மகன் டேவிட்டுக்கும் அவரது மனைவி ரூத்துக்குமே இறுதியில் பண்ணை சென்றது. மூலதனம் துண்டுபடாது நிலைக்க வேண்டும் என்ற நியதிக்கும், குடும்ப அன்பு எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கைக்கும் இடையிலான முரண்பாட்டையே அண்ணன் தங்கை மனத்தாங்கலாக நேயர் கேட்டனர்.

ஹோம் பண்ணையின் கதை இன்னும் வெளிப்படையானது. செல்வந்தரான பிறையன் ஓல்ட்றிட்ஜுக்கு வளர்ப்பு மகனும் வளர்ப்பு மகளும் உளர். சொந்தப் புதல்வியர் உளர். மணவுறவுக்குப் புறம்பே 2002இல் பிறந்த மகனும் உளன். நேயரின் கவனம் ஒழுக்கத்தில் தங்கலாம். ஆனால் குடும்பத்தினரின் கவனம் உடைமையைத் தவிர்க்க இயலாது. 1884இல் ஏங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதியபோது வாரிசுரிமையையும் ஒருதார மணத்தையும் இணைத்துக் காட்டியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இவையெல்லாம் உடைமையுள்ளோர் கதைகள். உடைமையற்றோர் நிலை யாது? கிறேஞ் பண்ணையில் குத்தகைக்கிருந்த கிறண்டி குடும்பம் கடனில் மூழ்கி 2000இல் வெளியேற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் குத்தகைக்காரருக்கு ஆயுட்காலப் பாதுகாப்பு அளித்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுகளுக்கும் அதனை நீட்டியது. 1984இல் புதிய குத்தகைகளுக்கு அவ்வாரிசுரிமை பொதுவாக நிறுத்தப்பட்டது. 1995இன் பின்னர் குறுகிய காலக் குத்தகை வழக்கமாயிற்று. எனினும் வாடகை செலுத்த இயலாதவனை எந்தக் காலத்துச் சட்டமும் நெடுநாள் காப்பதில்லை. நகைச்சுவைப் பாத்திரங்களாகவே பெரிதும் வளர்க்கப்பட்ட கிறண்டிகள் வீடிழந்தபோது, அந்த நகைச்சுவையின் அடியில் இருந்த வறுமை வெளிப்பட்டது.

அக்குடும்பத்தின் மருமகள் கிளறியின் பிறந்தகத்தையும் நோக்குதல் வேண்டும். அவளது பாட்டன் நெட் லார்க்கினும் தந்தை ஜெத்றோவும் புறூக்பீல்டின் கூலியாட்கள். 1987இல் டேவிட்டுடன் மரம் வெட்டுகையில் கிளை வீழ்ந்து ஜெத்றோ மாண்டார். இரு தலைமுறை உழைத்த அந்நிலம் 2001இல் கைமாறியபோது, லார்க்கின் குடும்பத்துக்கும் அதில் ஒரு பங்குண்டா என்ற கேள்வி முதுசப் பிணக்கின் பொருளாகவில்லை. ஆர்ச்சர் குடும்பத்தில் நிலம் முதுசமாயிற்று. லார்க்கின் குடும்பத்தில் உழைப்பே முதுசமாயிற்று. தந்தையை அந்நிலத்தில் இழந்த கிளறி, பதின்மூன்று ஆண்டுகளின் பின் குத்தகை நிலத்தையும் இழந்தாள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாடகம் ஒருசேர நிறுத்திக் கண்டனம் செய்யவில்லை என்பது உண்மை. ஆயினும் அவற்றை இணைத்துப் பார்க்கும் வாய்ப்பை அதன் நீட்சியே தருகின்றது. பாத்திரங்கள் நேயரோடு சேர்ந்து மூப்படையும் வடிவத்தில், மூன்று தலைமுறை உழைப்பின் கணக்கை மறைத்துவிட முடிவதில்லை. முடியாட்சியை ஆதரித்த பால்சாக், தம் அரசியல் சார்பையும் மீறிப் பிரபுத்துவத்தின் வீழ்ச்சியை உண்மையுற எழுதினார் என 1888ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஏங்கெல்ஸ் குறிப்பிட்டார். எழுத்தாளர் பலரின் கூட்டுப் படைப்பான இந்நாடகத்துக்கும் அக்கூற்று ஓரளவு பொருந்தும்.

இது பழங்கதையன்று. 1992 முதல் பிரித்தானியாவில் தகுதியுள்ள பண்ணை நிலம் பலவற்றுக்கு மரபுரிமை வரியிலிருந்து முழு விலக்கு இருந்தது. அதற்கு வரம்பிடுவதாக 2024 ஒக்டோபரில் அரசு அறிவித்ததும், அடுத்த மாதமே உழவர் லண்டனில் திரண்டனர்; 2025 டிசம்பரில் அவ்வரம்பை உயர்த்துவதாக அரசு இணங்கியது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பம் என்பதே அங்கு ஓங்கிய குரல். அக்குரலில் உண்மை உண்டு. சிறு உழவரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் நமது பணியன்று. ஆனால் எந்தக் குடும்பத்தின் உழைப்பு உரிமையாகின்றது, எந்தக் குடும்பத்தின் உழைப்பு கூலியோடு முடிகின்றது என்ற வினாவை அங்கும் எழுப்புதல் வேண்டும். லார்க்கின்களின் பெயர் எந்த உயிலிலும் இல்லாதிருப்பதைக் கவனிக்கும் நேயனே அந்நாடகத்தை முழுமையாகக் கேட்டவனாவான்.