செப்டம்பர் 5: பொன்மலைக்கும் ஒரு நாள்



ஆசிரியர் தின வாழ்த்துகள் எல்லாவற்றையும் ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். மனம் நிறைந்தது. இத்தனை வருஷம் வரலாறு நடத்திய நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் செப்டம்பர் 5 அன்று என் வகுப்புப் பையன் ஒருவன் வரவில்லை. மறுநாள் கடிந்துகொண்டேன். "தாத்தாவோட பொன்மலை சங்கத்திடலுக்குப் போனேன் சார், வருஷா வருஷம் போவோம்" என்றான். அங்கே என்ன என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றான். தெரியாது. 1753-ல் பொன்மலையடியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர் எனக்கு மனப்பாடம். அதே இடத்தில் உழைத்தவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்கு மாறியது. கடற்கரை ஊரில் வேரூன்றியிருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு திருச்சிக்கு வந்தன. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை என்று பொட்டலில் ஒரு ஊரே எழுந்தது. ஃபிட்டர், டர்னர், கொல்லர், தச்சர் என்று பல தொழிலாளர்கள். அவர்களோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். பணிமனைச் சங்கு ஊதினால்தான் அந்த ஊருக்குப் பொழுது விடியும். வீட்டில் உலை வைப்பதும் பிள்ளைகளைக் கிளப்புவதும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான்.

ஆனால் புதிய பணிமனை எல்லோருக்கும் சோறு போடவில்லை. புது இயந்திரங்கள் வந்ததும் ஆட்குறைப்பும் வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகச் சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

அடுத்தது 1946. போர் முடிந்திருந்தது, விலைவாசி ஏறிக் கிடந்தது. மறுபடியும் ஆட்குறைப்புப் பேச்சு. ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் தொழிலாளர்கள் மீது மலபார் சிறப்புப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் அனந்த நம்பியார் கடுமையாகத் தாக்கப்பட்டார். பின்னாளில் நம் திருச்சித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர் அவர்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். டெல்லியில் நேருவின் இடைக்கால அரசு பொறுப்பேற்றது செப்டம்பர் 2. சென்னை மாகாணத்தில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை. அதாவது, சுதந்திரம் வாசல்வரை வந்துவிட்ட நேரம். சுட்டது வெள்ளைக்காரன் மட்டும்தான் என்று பாடம் நடத்திய எனக்கு இதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

நாம் செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடத் தொடங்கியது 1962-ல். அதற்கு 16 வருஷம் முன்பிருந்தே பொன்மலைக்கு அது துக்க நாள். இப்போதும் சங்கத்திடலில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

பணிமனை இன்றும் ஓடுகிறது. ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்கள் செய்து கொடுத்ததும் அங்கே உள்ள கைகள்தான். ஊட்டி ரயிலில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறீர்களே, அந்த இன்ஜினைச் செய்தவர் உங்கள் வகுப்புத் தோழனின் அப்பாவாகவும் இருக்கலாம்.

உங்களில் பலர் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள். தாத்தா எந்த ஷாப்பில் வேலை பார்த்தார், நாகப்பட்டினத்திலிருந்து எப்போது வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.

அன்று என்னிடம் திட்டு வாங்கிய தம்பி இதைப் படித்தால்: அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவன் நீதான். ஆசிரியர் தின வாழ்த்துகள் அப்பா.