பரங்கி விதையும் எல்லைக் கோடும்

பரங்கிக்காயை அரியுங்கால் அதன் விதைகளைக் குப்பையில் எறிவதே நம்மில் பலரின் வழக்கம். அவற்றை வறுத்துத் தின்பதை ஏழ்மையின் சிக்கனம் என எண்ணுவாரும் உளர். வரலாறோ வேறு கூறுகின்றது. காட்டுப் பரங்கியின் சதை கசப்பானது. ஆதலின் ஆதி மனிதன் அதனை விதைக்காகவே முதலில் பயிரிட்டான் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மெக்ஸிகோ நாட்டுக் குகையொன்றில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடைய விதைகள் கிடைத்துள்ளன.

1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்தார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன் பின்னரே இக்காய் நம் நாடு புகுந்தது. பரங்கியர் எனப்பட்ட ஐரோப்பியரின் பெயரையே தமிழர் அதற்குச் சூட்டினர். தெலுங்கிலோ 'கும்மடி' என்றால் இதுவே. தொன்றுதொட்டு இங்கிருந்த வெண்பூசணியைக் குறிக்கச் 'சாம்பல்' என்னும் பொருளுடைய அடைமொழியைச் சேர்த்துப் 'பூடித கும்மடி' என்கின்றனர். விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார், வீட்டுக்காரருக்கோ அடையாளச் சீட்டு வேண்டியதாயிற்று!

பரங்கி, கும்மடி என்னும் இவ்விரு பெயர்களும் அருகருகே வழங்கும் நிலம் சித்தூரும் திருப்பதியும். வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூர், 1911 ஏப்ரல் முதல் தேதி தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்ற வழக்கு மூண்டது. வடக்கெல்லைக் கிளர்ச்சியை ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்தினார். படாஸ்கர் அவர்களின் தீர்ப்பையொட்டி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அப்போதைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று.

கோடுகள் இவ்வாறு இடம் மாறின. வாயிற்படியின் வழக்கம் மாறவில்லை. மார்கழியில் தமிழ் மகளிர் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மீது செருகுவதும், தெலுங்கு மகளிர் 'கொப்பெம்மா' மீது சூட்டுவதும் ஒரே மஞ்சள் மலர்தான். இரு சாராரும் தமதெனப் போற்றும் அம்மலர் கடல் கடந்து வந்த பரங்கியினது! வந்தது, உள்ளது என்ற பிரிவினையை இல்லத்தின் பழக்கம் சில நூற்றாண்டுகளில் அழித்துவிட்டது. அயல் மண்ணில் வேரூன்றிய நமக்கு இது ஆறுதலன்றோ? பரங்கி தன் பெயரையும் இழக்கவில்லை. வந்த மண்ணுக்கும் அயலாக நிற்கவில்லை.

விதையை வறுக்கும் முறை எளிது. முற்றிய காயின் விதைகளை நார் நீங்கக் கழுவி, உப்பு நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பின்பு இரும்பு வாணலியில் எண்ணெயின்றி, இளந்தீயில், விடாமல் கிளறி வறுக்க வேண்டும். விதைகள் உப்பி வெடிக்கும் ஓசையே பதம். தீ மிகுந்தால் தோல் கருகும். பருப்போ பச்சையாகவே நிற்கும். ஆறியபின் தோலை உடைத்துப் பருப்பைத் தின்னலாம். எண்ணெய்ச் சத்தும் புரதமும் நிறைந்த இச்சிற்றுணவு, மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ஏற்றது. அவர்கள் அதனைக் கொறிக்கும்போது, அது கடந்து வந்த வழியையும் தமிழிலேயே எடுத்துக் கூறுவோமாக.